கூறும் முழுமையும் ஒன்றெனக் காட்டிய மகாவீராசாரியர்

பகவான் வர்த்தமான மகாவீரரின் திருநாமத்தைத் தாங்கி இப்பாரத நாட்டில் வாழ்ந்த சான்றோர் பலர். அவர்களுள் ஒருவர், பகவான் பரிநிர்வாணம் எய்தி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் விளங்கிய ஆசாரியர் ஆவார். புராணமும் காவியமும் தருக்கமும் இயற்றிய ஆசாரியர்கள் நம் சமயத்தில் எண்ணற்றோர். இவரோ கணிதம் என்னும் ஒரு துறையையே தம் தவமாக மேற்கொண்டார். அத்துறையிலும், முழு எண்களின் கூறுகளாகிய பின்னங்களை அவர் விளக்கிய அளவுக்கு விரிவாக விளக்கிய பண்டை நூலார் மிகச் சிலரே. கணித உலகம் மகாவீராசாரியர் என்று போற்றும் அப்பெருந்தகையின் வரலாற்றையும், அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வத்தையும் இத்திருநாளில் நினைவுகூர்தல் பொருத்தமுடையதாகும்.

அவர் வாழ்ந்த காலம் தென்னாட்டில் சமணம் செழித்தோங்கிய காலம். இராட்டிரகூடப் பேரரசன் முதலாம் அமோகவர்ஷன், இளம் பருவத்திலேயே கி.பி. 814இல் அரியணை ஏறி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்சி புரிந்தான். நிருபதுங்கன் என்பது அவனுடைய மற்றொரு பெயர். இன்று கருநாடக மாநிலத்தின் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என்னும் சிற்றூராக உள்ள மானியகேடமே அவனது தலைநகரம். ஆதிபுராணம் பாடிய ஜினசேனாசாரியர் அம்மன்னனின் குருவாக விளங்கினார். ஜினசேனரின் குருவாகிய வீரசேனாசாரியர் சட்கண்டாகமத்துக்கு இயற்றிய தவளா என்னும் பேருரையில் நுண்கணிதச் செய்திகள் நிறைந்திருந்தன. கன்னட மொழியின் தொன்மையான நூலாக இன்று கிடைக்கும் கவிராசமார்க்கமும் அம்மன்னனின் அவைக்களத்தில் பிறந்ததே. இத்தகைய அறிவுச் சூழலிலேதான் மகாவீராசாரியர் ஏறத்தாழ கி.பி. 850ஆம் ஆண்டளவில் கணிதசாரசங்கிரகம் என்னும் நூலை வடமொழிச் செய்யுட்களால் இயற்றினார்.

ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட செய்யுட்களையுடைய அந்நூலில் அவர் தம்முடைய குலத்தையோ, பெற்றோரையோ, பிறந்த ஊரையோ ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. நூலின் தொடக்கத்தில் தீர்த்தங்கரர் மகாவீரரை வணங்குகிறார். எண்ணின் அறிவாகிய விளக்கினால் உலகம் முழுவதையும் துலங்கச் செய்தவர் என அப்பெருமானைப் போற்றுகிறார். அடுத்து அமோகவர்ஷனின் ஆட்சி வளர்க என வாழ்த்தி, ஒருதலைக் கொள்கையை நீக்கிச் சியாத்வாத நெறியைப் பேணுபவன் என அவனைப் புகழ்கிறார். தீர்த்தங்கரரும் அவர்தம் சீடர் பரம்பரையினரும் அருளிய ஞானக் கடலிலிருந்து சில மணிகளைத் திரட்டித் தருவதே தம் பணி எனத் தம்மைச் சிறியவராக வைத்துக்கொள்கிறார். இசை, நாடகம், சமையல், மருத்துவம், கட்டடக் கலை, யாப்பு, இலக்கணம் என எந்தக் கலையை எடுத்தாலும், ஞாயிறு திங்களின் இயக்கத்தை ஆராய்ந்தாலும், அங்கெல்லாம் கணிதம் நிற்கிறது என்பதை அவர் விரித்துரைக்கும் பகுதி பெருமிதம் மிக்கது. ஆசாரியரின் வாழ்க்கை என்று நம் கையில் எஞ்சியிருப்பது இந்நூல்தான்.

கணிதம் சமணர்களுக்குப் புதிதன்று. சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றாகிய ஸ்தானாங்க சூத்திரம் கணிதத்தின் பத்துப் பிரிவுகளை எண்ணுமிடத்துப் பின்னக் கணக்கைக் கலாசவர்ணம் என்ற பெயரால் தனியே குறிக்கிறது. காலத்தை அளந்த நம் முன்னோர், பிளக்கவியலாத கணமாகிய சமயம் என்பதில் தொடங்கி மூச்சு, ஸ்தோகம், இலவம், நாழிகை, முகூர்த்தம் எனப் படிப்படியாக ஏறினர். ஏழு மூச்சு ஒரு ஸ்தோகம். ஏழு ஸ்தோகம் ஓர் இலவம். முப்பத்தெட்டரை இலவம் ஒரு நாழிகை. இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். ஆசாரியரும் தம் நூலின் முதல் அதிகாரத்தில் இவ்வாய்பாட்டைத் தருகிறார். நாழிகையில் வந்து நிற்கும் அந்த அரை, முகூர்த்தத்தை எட்டும்போது மற்றோர் அரையோடு சேர்ந்து எழுபத்தேழு முழு இலவங்களாக நிறைவுறுகிறது. முழுமையிலிருந்து கூறு பிறப்பதும், கூறுகள் கூடி முழுமையாவதும் நம் சமயத்தார் அன்றாடம் ஓதிய காலக் கணக்கிலேயே இருந்தன.

கணிதசாரசங்கிரகம் ஒன்பது அதிகாரங்களையுடையது. கலைச்சொற்கள், அடிப்படைச் செயல்கள், கலாசவர்ணம், பின்னம் பற்றிய பல்வகை வினாக்கள், மூவிராசி, கலப்புக் கணக்கு, பரப்பளவு, அகழ்வு, நிழற் கணக்கு என்பன அவை. ஒன்பதில் இரண்டு அதிகாரங்களைப் பின்னத்துக்கே ஒதுக்கியதிலிருந்து அதனை அவர் எவ்வளவு இன்றியமையாததாகக் கருதினார் என்பது விளங்கும். கலை என்பது கூறு. சவர்ணம் என்பது ஓரினமாக்குதல். வெவ்வேறு அளவினவாகிய கூறுகளை ஓரினமாக்கி ஒன்றோடொன்று சேர்க்கும் கலையே கலாசவர்ணம்.

முழு எண்களில் பழகிய மனத்துக்குப் பின்னம் முதலில் புதிராகவே தோன்றும். எட்டு மூன்றைவிடப் பெரிது. ஆயினும் எட்டில் ஒரு கூறு மூன்றில் ஒரு கூற்றைவிடச் சிறிது. பெருக்கினால் வளரும், வகுத்தால் குறையும் என்று கற்ற மாணவன், பன்னிரண்டை அரையால் பெருக்கினால் ஆறாகக் குறைவதையும், அரையால் வகுத்தால் இருபத்துநான்காக வளர்வதையும் கண்டு திகைக்கிறான். முழு எண் ஓர் இனம், பின்னம் தொடர்பற்ற வேறோர் இனம் என்று எண்ணுவதே அத்திகைப்பின் வேர்.

ஆசாரியரின் மூன்றாம் அதிகாரத்தைக் கற்பவர்க்கு அவ்வேர் அறுகிறது. கீழே பகுதி இல்லாத முழு எண்ணுக்கு ஒன்றையே பகுதியாகக் கொள்வது பண்டைக் கணித நூலாரின் மரபு. அவ்வாறு கொண்டவுடன் முழு எண்ணும் பின்னமும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. முழு எண்ணோடு ஒரு கூறு சேர்ந்து நிற்பதை ஆசாரியர் பாகானுபந்தம் என்றும், முழு எண்ணிலிருந்து ஒரு கூறு நீங்கி நிற்பதைப் பாகாபவாகம் என்றும் வகைப்படுத்துகிறார். ஐந்தேமுக்காலை எடுத்துக்கொள்வோம். ஐந்தை நான்கால் பெருக்கி மூன்றைக் கூட்டினால் இருபத்துமூன்று கால்கள் கிடைக்கும். அதையே ஆறுக்குக் கால் குறைவு என்று கொண்டால், ஆறை நான்கால் பெருக்கி ஒன்றைக் கழிக்க, அதே இருபத்துமூன்று கால்கள் வரும். ஒருவர் ஐந்திலிருந்து மேலேறி வருகிறார்; மற்றொருவர் ஆறிலிருந்து கீழிறங்கி வருகிறார். இருவரும் கண்டது ஒரே அளவை.

பின்னத்தால் வகுக்கும்போது, வகுக்கும் பின்னத்தின் பகுதியைத் தொகுதியாக மாற்றிப் பின்னர்ப் பெருக்க வேண்டும் என்கிறார். இது பிரம்மகுப்தர் முதலிய முன்னோரும் அறிந்த விதியே. ஆறை முக்காலால் வகுப்பதென்றால், ஆறுக்குள் எத்தனை முக்கால்கள் அடங்கும் என்பது பொருள். தலைகீழாக்கிப் பெருக்க விடை எட்டு என வருகிறது. எட்டு முக்கால்களை அடுக்கிப் பார்த்தால் ஆறு முழுமையாக நிறைவதைக் காணலாம். வகுத்தல் எண்ணைப் பெருக்கிவிட்டதே என்ற திகைப்பு அங்கே நீங்குகிறது.

வெவ்வேறு பகுதிகளையுடைய பின்னங்களைச் சேர்ப்பதற்கு அவர் நிருத்தம் என்ற ஒன்றை வகுத்தார். பகுதிகளின் பொதுக் காரணிகளையும், அவற்றால் வகுத்துக் கிடைக்கும் ஈவுகளையும் ஒன்றாகப் பெருக்கினால் வருவதே நிருத்தம். இன்று பள்ளியில் மீச்சிறு பொது மடங்கு என்று கற்பிக்கப்படுவது இதுவே. இந்தியக் கணித நூலாருள் இதனை முதலில் எடுத்துரைத்தவர் மகாவீராசாரியரே என்பது கணித வரலாற்றறிஞர் கருத்து. ஆறில் ஒன்றையும் எட்டில் ஒன்றையும் கூட்ட வேண்டுமெனில், ஆறுக்கும் எட்டுக்கும் பொதுவான இரண்டையும், ஈவுகளாகிய மூன்றையும் நான்கையும் பெருக்க இருபத்துநான்கு வரும். இருபத்துநான்கில் நான்கும் இருபத்துநான்கில் மூன்றும் ஓரினமாகிவிட்டமையால், கூட்டுத்தொகை இருபத்துநான்கில் ஏழு எனத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

அவருடைய தனித்திறம் முழுமையாக வெளிப்படுவது ஒன்று என்னும் எண்ணைக் கூறுகளாகப் பிரிக்கும் விதிகளிலே. ஒன்றைத் தொகுதியாகவுடைய, வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்கள் பலவற்றைக் கூட்டினால் சரியாக ஒன்று வரவேண்டும். அப்பின்னங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். இதற்கு அவர் தரும் வழி மிக எளிது. ஒன்றில் தொடங்கி மும்மடங்காக வளரும் எண்களை வரிசையாக எழுதி, முதல் எண்ணை இரண்டாலும், கடைசி எண்ணை மூன்றில் இரண்டாலும் பெருக்க வேண்டும். மூன்று கூறுகள் வேண்டுமெனில் 1, 3, 9 என்பவை 2, 3, 6 ஆகின்றன. அரையும் மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் கூடினால் ஒன்று. நான்கு கூறுகள் வேண்டுமெனில் 2, 3, 9, 18 என்பவை பகுதிகளாகும். ஐந்து வேண்டுமெனில் 2, 3, 9, 27, 54. எத்தனை கூறுகளாகப் பிரித்தாலும் ஒன்று சிதைவதில்லை. கூட்டிப் பார்க்குந்தோறும் அது குறைவின்றித் திரும்பி வருகிறது.

எந்தப் பின்னத்தையும் இவ்வாறு ஒன்றைத் தொகுதியாகவுடைய கூறுகளாகப் பிரிக்கவும் அவர் வழி கூறினார். ஏழில் மூன்றை எடுத்துக்கொண்டால், ஏழோடு இரண்டைச் சேர்க்க வரும் ஒன்பது, மூன்றால் மீதியின்றி வகுபடும், ஈவு மூன்று. ஆகவே முதற்கூறு மூன்றில் ஒன்று. எஞ்சியது இருபத்தொன்றில் இரண்டு. அதனையும் இம்முறையாலே பிரித்தால் பதினொன்றில் ஒன்றும், 231இல் ஒன்றும் கிடைக்கும். ஐயமுடையவர் கூட்டிப் பார்த்துத் தெளியலாம்.

விதிகளை அடுக்குவதோடு அவர் நின்றுவிடவில்லை. நான்காம் அதிகாரத்தில் தூணும் மாங்கனியும் முத்துமாலையும் கணக்குகளாக வருகின்றன. ஒரு தூணின் எட்டில் ஒரு கூறு மண்ணுக்குள்ளும், மூன்றில் ஒரு கூறு நீருக்குள்ளும், நான்கில் ஒரு கூறு பாசிக்குள்ளும் இருக்க, எஞ்சிய ஏழு முழம் வெளியே தெரிகிறது. தூணின் நீளம் என்ன என்பது ஒரு வினா. மறைந்த மூன்று கூறுகளையும் சேர்த்தால் இருபத்துநான்கில் பதினேழு. எஞ்சிய இருபத்துநான்கில் ஏழு என்பது ஏழு முழமாகையால், தூண் இருபத்துநான்கு முழம். அறுந்து சிதறிய முத்துமாலை ஒன்றைப் பற்றிய வினாவில், மூன்றில் ஒரு கூறும் ஆறில் ஒரு கூறும் போக, எஞ்சியதில் பாதி, அதன் எஞ்சியதில் பாதி என ஆறுமுறை சிதறியபின் 1,161 முத்துக்கள் மாலையிலே நிற்கின்றன. கணக்கிட்டால் அம்மாலையில் இருந்தவை 1,48,608 முத்துக்கள்.

இவ்வினாக்களை வகைப்படுத்துகையில், கூறுகள் யாவும் முதல் முழுமையின்மேல் எடுக்கப்படுபவற்றை ஓரினமாகவும், எஞ்சியதன்மேல் எடுக்கப்படுபவற்றைச் சேஷம் என்னும் மற்றோரினமாகவும் ஆசாரியர் பிரித்தார். அப்பிரிவின் இன்றியமையாமையை மாங்கனிக் கணக்கு உணர்த்துகிறது. ஒரு மாங்கனிக் குவியலில் அரசன் ஆறில் ஒரு கூற்றை எடுத்துக்கொள்கிறான். எஞ்சியதில் ஐந்தில் ஒரு கூற்றை அரசி எடுத்துக்கொள்கிறாள். பின்னர் இளவரசர் மூவர், அவ்வப்போது எஞ்சியதில் முறையே நான்கில் ஒன்றும், மூன்றில் ஒன்றும், அரையும் எடுத்துக்கொள்கின்றனர். கடைசிப் பிள்ளைக்கு எஞ்சிய மூன்று கனிகள் கிடைக்கின்றன. குவியலில் இருந்த கனிகள் எத்தனை?

மேலோட்டமாகக் கேட்பவர், பின்வந்தவர்களுக்குப் பெரும்பங்கும் அரசனுக்குச் சிறுபங்கும் கிடைத்தன என்றோ, கடைசிப் பிள்ளை ஏமாற்றப்பட்டான் என்றோ நினைக்கக்கூடும். விடையோ பதினெட்டு. அரசன் எடுத்தது மூன்று. அரசி எடுத்தது மூன்று. இளவரசர் ஒவ்வொருவரும் எடுத்தது மூன்று. இளையவனுக்கு எஞ்சியதும் மூன்று. ஆறில் ஒன்று, ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று, அரை என்று ஐந்து பெயர்களால் வழங்கியவை யாவும் அங்கே ஒரே அளவு. பெயரில் வேற்றுமை; பங்கில் சமநிலை.

இக்கணக்கில் ஒவ்வொரு கூற்றையும் எஞ்சியதன்மேல் எடுக்காமல், முதற் குவியலின்மேலேயே எடுத்தால் என்னாகும்? ஐந்து கூறுகளையும் கூட்டினால் அறுபதில் எண்பத்தேழு வரும். இருக்கும் கனிகள் போதாமல் சண்டை மூளும். இளையவனுக்கு ஒரு கனியும் மிஞ்சாது. எதன் கூறு என்பதை மறந்த ஒரு பிழையால் குழந்தையின் பங்கு பறிபோகிறது. தந்தையின் சொத்தைப் பகிர்வோர், விளைச்சலில் பங்கு கொடுப்போர், வணிகத்தில் ஆதாயத்தைப் பிரிப்போர் ஆகிய அனைவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் நிலை இது. பிறர் பொருளைக் கவராமை நம் அணுவிரதங்களுள் ஒன்று. கணக்கறியாமையால் நேரும் பிழையும் பிறர் பங்கைக் குறைத்துவிடும். ஆகவே சிராவகனுக்குப் பின்னக் கணக்கு வெறும் ஏட்டுக் கல்வியன்று. அறத்தைக் காக்கும் துணையுமாகும்.

ஆசாரியரின் நூலில் பிற சிறப்புகளும் உள. எதிர் எண்ணுக்கு அதன் இயல்பினாலேயே வர்க்கமூலம் இல்லை என்று தெளிவாகக் கூறினார். பல பொருள்களுள் சிலவற்றைத் தெரிந்தெடுக்கும் வழிகள் எத்தனை என்று காணும் பொதுவிதியைத் தந்தார். ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது அறமாகாது. ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்று அவர் கொண்டது சரியன்று. அப்பிழையை அறிய அவருடைய பின்ன விதியே துணைபுரிகிறது. ஒன்றை அரையால் வகுத்தால் இரண்டு; பத்தில் ஒன்றால் வகுத்தால் பத்து; ஆயிரத்தில் ஒன்றால் வகுத்தால் ஆயிரம். வகுக்கும் கூறு சிறுத்துப் பூச்சியத்தை நெருங்க நெருங்க ஈவு எல்லையின்றிப் பெருகுகிறதே அன்றி, மாறாது நிற்பதில்லை. ஆசாரியர் தந்த விளக்கைக் கொண்டே அவர் நின்ற இடத்துக்கு அப்பாலும் காண முடிகிறது.

கணிதசாரசங்கிரகம் தென்னாட்டில் பரவியது. பதினொன்றாம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்கில் பெயர்த்தார். பின்னர் நூற்றாண்டுகள் பல கடந்தன. ஓலைச்சுவடிகளிலே நூல் உறங்கிக் கிடந்தது. அதனை அச்சு வடிவில் மீண்டும் உலகுக்கு அளித்த பெருமை சென்னைக்கு உரியது. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் இருந்த எம். ரங்காசாரியார், சுவடிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, ஆங்கில மொழிபெயர்ப்புடனும் குறிப்புகளுடனும் 1912இல் சென்னை அரசினர் அச்சகத்தின் வழி அந்நூலை வெளியிட்டார். அமெரிக்கக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித் அதற்கு முன்னுரை வழங்கினார். இராமாநுசரின் ஸ்ரீபாஷ்யத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களுள் ஒருவராகிய ஒரு வைணவப் பேரறிஞர், சமண ஆசாரியரின் நூலுக்கு இத்தனை உழைப்பை ஈந்தது நாம் நன்றியோடு நினைக்கத்தக்கது. 1963இல் சோலாப்பூரிலிருந்து அந்நூல் இந்தி மொழிபெயர்ப்புடன் வெளிவந்து வடநாட்டிலும் பரவியது.

பொருளை முழுமையாக அறிவது பிரமாணம் என்றும், அதன் ஒரு கூற்றை அறிவது நயம் என்றும் நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். நயம் பொய்யன்று, முழுமையோடு தனக்குள்ள தொடர்பை மறவாதவரை அது மெய்யறிவின் உறுப்பே. தானே முழுமை என்று செருக்கிப் பிறவற்றை மறுக்கும்போதுதான் அது துர்நயம் ஆகிறது. அமோகவர்ஷனின் சியாத்வாத நெறியைப் போற்றி நூலைத் தொடங்கிய மகாவீராசாரியர், பின்னங்களைப் பற்றி எழுதியவற்றிலும் இவ்வுண்மை ஒளிர்வதைக் காணலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் அதன் முழுமையைத் தேடிக் காட்டினார். வேறுபட்ட கூறுகளை ஓரினமாக்கிச் சேர்த்தார். எத்தனை கூறாகப் பிரித்தாலும் ஒன்று ஒன்றாகவே நிற்பதை மெய்ப்பித்தார்.

நம் இல்லங்களில் பின்னக் கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள் இருப்பார்களாயின், இத்திருநாளில் அவர்களுக்கு அந்தப் பதினெட்டு மாங்கனிகளின் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம். கனிகளையே முன்வைத்துப் பங்கிட்டுக் காட்டினால் இன்னும் நன்று. இளைய பிள்ளையின் கையிலும் மூன்று கனிகள் வந்து சேர்வதை அவர்கள் கண்ணாரக் காண்பர். தம் ஊரும் பேரும் பெரிதெனக் கருதாது கணிதமே பெரிதெனக் கருதி வாழ்ந்த அவ்வாசாரியருக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவே.